ஸ்லைடு ரோலை நெகட்டிவ் மருந்தில் கழுவிக் கெடுத்த கடை: பாலக்காட்டுப் பக்கத்து நண்பர்களுக்கு ஓர் எச்சரிக்கை

சித்தூர் தாலுகாவில், பொள்ளாச்சி எல்லையிலிருந்து அதிகத் தொலைவில்லாத ஓர் ஊரில் தமிழ் ஆசிரியராக இருக்கிறேன். இன்னும் ஃபிலிமில் படம் எடுப்பவர்கள் எங்கள் பக்கத்தில் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே என்றாலும், அவர்களில் ஒருவருக்காவது எனக்கு நேர்ந்தது நேராமல் இருக்க வேண்டும் என்று இதை எழுதுகிறேன். சென்ற ஐப்பசியில் பாலக்காட்டுக் கல்பாத்தித் தேர்த் திருவிழாவில், கழுவியதும் நேர்ப்படமாகவே வந்து புரொஜெக்டரில் காட்டக்கூடிய ஸ்லைடு ஃபிலிமில் நான் எடுத்த 36 படங்களை ஒரு கடை தவறான மருந்தில் கழுவி, மீட்க முடியாதபடி கெடுத்துவிட்டது; கேட்கப் போனபோது பழியையும் என் மேலேயே போட்டது. கடையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. ஏமாந்த விதத்தை மட்டும் சொல்கிறேன்.

என் தந்தையார் பிறந்து வளர்ந்தது கல்பாத்தியை ஒட்டிய சாத்தபுரம் அக்ரகாரத்தில். இப்போது அவரால் நடக்க முடியாது. சித்தப்பா விட்டுச் சென்ற ஸ்லைடு புரொஜெக்டர் ஒன்று வீட்டில் நல்ல நிலையில் இருப்பதால், தேரைப் படமெடுத்து, அவர் கட்டிலுக்கு எதிரே உள்ள வெள்ளைச் சுவரில் பெரிதாகக் காட்ட வேண்டும் என்ற ஆசை எனக்குப் பல வருடங்களாக உண்டு. ஆனாலும் கைக்குப் பழகிய நெகட்டிவ் ரோலை (வெளிச்சமும் நிறமும் தலைகீழாகப் பதிந்து, பிரிண்ட் போட்டுப் பார்க்க வேண்டிய ஃபிலிமை) வாங்கத்தான் கடைக்குப் போனேன். பேச்சுவாக்கில் புரொஜெக்டரைப் பற்றிச் சொன்னதும் கடைக்காரர் என்னைப் பிடித்துக்கொண்டார். "மாஷே, தேருக்கு நெகட்டிவ் எதுக்கு? ஸ்லைடுல எடுங்கோ, கலர் அப்படியே கண்ணுல நிக்கும். கழுவறதும் நம்ம கிட்டத்தான்" என்றார். (ஆசிரியரை இங்கே "மாஷே" என்றுதான் அழைப்பார்கள்.) நெகட்டிவைப் போல் ஏறக்குறைய இருமடங்கு விலையில் இரண்டு ரோல்களை, அட்டைப்பெட்டி இல்லாமல், பிளாஸ்டிக் டப்பியில் மட்டும் கொடுத்தார். அட்டைப்பெட்டியில்தான் காலாவதித் தேதி இருக்கும். அதை நான் அப்போதே கேட்டிருக்க வேண்டும்.

கழுவும் விஷயம் ஒருபுறம் இருக்க, அந்த ஆலோசனையே சரியானதன்று என்பதை இப்போது உணர்கிறேன். கலர் நெகட்டிவ் பொறுமையான ஃபிலிம். வெளிச்சம் இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் கூடுவது என்றால் வெளிச்சம் இருமடங்காவது) கூடினாலும் பிரிண்ட் போடும்போது பெரும்பாலும் சரிசெய்துவிடலாம். ஸ்லைடில் அரை ஸ்டாப் தவறினாலே கண்ணுக்குத் தெரியும். அதிகமாக வெளிச்சம் விழுந்த இடம் வெறும் கண்ணாடி போல ஆகிவிடும், பிறகு அங்கே எதையும் வரவழைக்க முடியாது. கல்பாத்தியில் உச்சி வெயிலில் வடம் பிடிப்பவர்களின் வெள்ளை வேட்டியும், தேரைப் பின்னாலிருந்து முட்டித் தள்ளும் யானையின் கருமையும், திண்ணைகளின் நிழலும் ஒரே சட்டத்துக்குள் வந்து விழுகின்றன. அந்தக் காட்சிக்கு நெகட்டிவே உகந்தது. காலைப் பனியில் நெல்லியாம்பதி மலையடிவாரத்து வயல்களை எடுக்க வேண்டுமென்றால் நானே ஸ்லைடைத்தான் சொல்வேன். இருந்தாலும் சுவரில் காட்டும் ஆசையால் சம்மதித்து, ஒவ்வொரு படத்துக்கும் வேட்டியின் வெண்மையைப் பார்த்து அளவெடுத்து, ஷட்டர் வேகத்தையும் லென்ஸ் துவாரத்தின் அளவையும் நோட்டில் குறித்துக்கொண்டேன்.

இரண்டாம் நாள் மாலை முதல் ரோல் முடிந்தது. அன்றே கொண்டுபோய்க் கொடுத்து, "இது ஸ்லைடுக்குரிய இ-6 முறையில் கழுவ வேண்டியது, உங்களிடம் வசதி உண்டா?" என்று தெளிவாகக் கேட்டேன். "மெஷின் ஒண்ணுதான் மாஷே, மருந்தை மாத்தி விடுவோம்" என்றார். நெகட்டிவைக் கழுவும் சி-41 முறைக்குரிய மினிலேப் (கடையிலேயே வைத்துக் கழுவும் சிறு) மெஷினில் அப்படி மருந்தை மாற்றி ஸ்லைடு கழுவுவதில்லை என்பது எனக்கு அன்று தெரியாது. ரசீதில் "ஃபிலிம் வாஷ் 1" என்று மட்டும் எழுதினார்.

இரண்டு நாள் கழித்துக் கையில் வந்தவை ஸ்லைடுகளே அல்ல. ஆறு ஆறாக வெட்டப்பட்ட துண்டுகளில் வெள்ளை வேட்டி கறுப்பாகவும் யானை வெளுப்பாகவும் தெரிந்தன. என் எக்ஸ்போஷர் (ஃபிலிமில் விழவிட்ட வெளிச்சத்தின் அளவு) தவறிவிட்டது என்று கடைக்காரர் கூசாமல் சொன்னார். அந்தப் பதில் பொய் என்பதை ஃபிலிமின் ஓரமே காட்டிக் கொடுத்தது. இதைப் படிப்பவர்கள் இந்த ஒன்றையாவது நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். முறையாகக் கழுவிய ஸ்லைடில், வெளிச்சமே படாத ஓரப்பகுதி கன்னங்கரேலென்று இருக்கும். எக்ஸ்போஷர் எவ்வளவு தவறினாலும் படம்தான் இருண்டோ வெளுத்தோ போகுமே தவிர, ஓரம் மாறாது. என் ரோலின் ஓரம் தெளிந்த கண்ணாடியாக இருந்தது. சாதாரண நெகட்டிவில் காணும் ஆரஞ்சு நிறமும் அதில் இல்லை, ஏனென்றால் ஸ்லைடு ஃபிலிமுக்கு அந்தச் சாயம் கிடையாது. ஸ்லைடை சி-41இல் கழுவினால்தான் இப்படி வரும்.

மறுபடி கழுவித் தரும்படி கேட்கவும் வழியில்லை. இ-6 முறையில் முதல் டெவலப்பர், அதாவது படத்தை வரவழைக்கும் முதல் மருந்து, ஃபிலிமில் உள்ள வெள்ளி உப்பில் வெளிச்சம் பட்டதைக் கறுப்பு வெள்ளைப் படிவமாக்கும். வெளிச்சம் படாமல் எஞ்சிய உப்பிலிருந்துதான் அடுத்த கட்டத்தில் நேர்ப்படத்தின் நிறங்கள் பிறக்கும். சி-41இல் வெளிச்சம் பட்ட இடத்திலேயே நிறம் ஏறிவிடுகிறது, எஞ்சிய உப்பை ஃபிக்சர் என்ற மருந்து கரைத்துக் கொண்டுபோய்விடுகிறது. அப்பாவுக்காக எடுத்த தேர் அந்தக் கழிவுநீரோடு போயிற்று என்பதை ஏற்க எனக்குப் பல நாட்கள் ஆயின. துண்டுகளை ஸ்கேன் செய்து, கறுப்பு வெளுப்பாகும்படி நிறங்களைத் தலைகீழாக்கிப் பார்த்தேன். பச்சையும் மஞ்சளுமாக நிறம் புரண்டிருந்ததால் கறுப்பு வெள்ளையாக மாற்றிச் சிலவற்றைக் காப்பாற்றினேன். பட்டின் அரக்கு நிறம் போனது போனதுதான்.

கடைக்காரர் ஈடாக ஒரு நெகட்டிவ் ரோல் தருவதாகச் சொன்னார், வாங்கவில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இல் புகார் பதிந்திருக்கிறேன். ஆனால் என் ரசீதில் கழுவும் முறை எழுதப்படவில்லை என்பது என் பக்கத்துப் பலவீனம். நீங்கள் ஸ்லைடு கொடுத்தால் ரசீதில் "இ-6" என்று எழுதி வாங்காமல் ரோலைக் கையைவிட்டு விடாதீர்கள். அதற்கு முன், அவர்கள் கழுவிய ஸ்லைடு ஒன்றைக் காட்டச் சொல்லி, அதன் ஓரம் கறுப்பாக இருக்கிறதா என்று பாருங்கள். நாளைக்கே தருகிறோம் என்று சொல்லும் கடையிடம் கூடுதலாக இரண்டு கேள்வி கேளுங்கள். நம்பகமான இ-6 லேப் அகப்படாத வரையில் நெகட்டிவிலேயே எடுங்கள்.

மூன்றாம் நாள் தேர்கள் ஒன்றுகூடும் சங்கமத்தை எடுத்த இரண்டாவது ரோலை நல்லவேளையாக நான் அந்தக் கடையில் கொடுத்திருக்கவில்லை. காற்றுப் புகாத டப்பாவில், "இ-6 மட்டும்" என்று எழுதிய தாளைச் சுற்றி, ஃப்ரிஜ்ஜில் வைத்திருக்கிறேன். வெளியூர் லேப் ஒன்று, போதுமான ரோல்கள் சேர்ந்ததும் புது மருந்து கலக்கும்போது அழைப்பதாகச் சொல்லியிருக்கிறது. தேர்ப்படம் எப்போது சுவரில் வரும் என்று அப்பா தினமும் கேட்கிறார்.