ஸ்டோரேஜ் ஹீட்டரா, இன்ஸ்டன்ட் ஹீட்டரா? எங்கள் கழக வீட்டுக்கு எடுத்த முடிவு

போன டிசம்பர் மழையின்போது ஒரு நாள் காலை, குளியலறைக்குள் போன மனைவி, "மேலேருந்து சொட்டுது, வந்து பாருங்க" என்று கூப்பிட்டார். ஃபால்ஸ் சீலிங் பலகையில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு பழுப்பு வட்டம். விரலால் அழுத்தினால் பலகை ஊறிப்போய் அமுங்கியது. மேல்வீட்டில் ஏதோ கசிகிறது, போய்ச் சொல்லிவிட்டு வரலாம் என்று சட்டை மாட்டப் போனேன். போகும்முன் சொட்டுக்குக் கீழே உள்ளங்கையை நீட்டினேன். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. மேல்வீட்டுத் தரையிலிருந்து வெந்நீர் கசியாது. கசிவது எங்கள் ஹீட்டர்தான்.

சிங்கப்பூரின் தெம்பனீஸில், வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய இந்த நாலறை அடுக்குமாடி வீட்டை மறுவிற்பனையில் வாங்கினோம். முன்னால் இருந்தவர் இரண்டு குளியலறைக்கும் பொதுவாக, தொட்டியில் தண்ணீரைத் தேக்கிச் சூடாக்கும் ஒரு ஸ்டோரேஜ் ஹீட்டரை வைத்து, அதை ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே மறைத்திருந்தார். வீடு வாங்கியபோது அது ஒரு வசதியாகத்தான் தெரிந்தது. சுவரில் ஒரு பெட்டியும் தொங்கவில்லை, குழாயைத் திருகினால் வெந்நீர். வெளியே இருக்கும் சுவிட்சைப் போடுவதும் அணைப்பதும் தவிர அந்த ஹீட்டரைப் பற்றி ஆறு வருடம் நாங்கள் நினைத்ததே இல்லை.

அது போனபிறகு என்ன வாங்குவது என்று மூன்று வாரம் யோசித்தோம். அதே மாதிரி இன்னொரு ஸ்டோரேஜ் ஹீட்டர், தொட்டி இல்லாமல் தண்ணீர் ஓடும்போதே சூடாக்கும் இன்ஸ்டன்ட் ஹீட்டர் குளியலறைக்கு ஒன்றாக இரண்டு, அல்லது கேஸ் ஹீட்டர். கடைசியில் இன்ஸ்டன்ட் வாங்கினோம். இப்போது யாராவது கேட்டாலும் அதையேதான் சொல்வேன். ஆனால் எல்லார் வீட்டுக்கும் அது பொருந்தாது, எங்கே பொருந்தாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

விலை, இடம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இன்ஸ்டன்ட் மலிவு, ஒரு புத்தகம் அளவு இடம் போதும். ஸ்டோரேஜ் விலை கூட, 15 முதல் 30 லிட்டர் தொட்டியைத் தாங்குகிற சுவரோ சட்டமோ வேண்டும்.

மின்கட்டணம்தான் எல்லாரும் முதலில் கேட்பது. தேசிய சுற்றுப்புற வாரியம் 2017இல் எடுத்த ஆய்வுப்படி, சிங்கப்பூர் வீடுகளின் மின்சாரத்தில் 24 விழுக்காடு ஏர்கானுக்கும் 17 விழுக்காடு குளிர்பதனப் பெட்டிக்கும் 11 விழுக்காடு ஹீட்டருக்கும் போனது. அதனால் கேள்வி நியாயமானதுதான். இங்கே வழக்கமாகக் கிடைக்கும் இன்ஸ்டன்ட் ஹீட்டர் 3.3 கிலோவாட். பத்து நிமிடம் குளித்தால் 0.55 யூனிட். யூனிட் 30 காசு என்று வைத்துக்கொண்டால் ஒரு குளியலுக்கு 16, 17 காசு. ஸ்டோரேஜில் 20 லிட்டரை 27 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுபோக முக்கால் யூனிட்டுக்குக் கொஞ்சம் மேலே ஆகும். அதோடு குளிர்நீர் கலந்தால் 40 டிகிரியில் 50 லிட்டர் வரைக்கும் வரும். ஒரே அளவு வெந்நீருக்கு இரண்டிலும் ஏறக்குறைய ஒரே செலவுதான். தொட்டியில் சும்மா கிடந்து ஆறிப்போகும் சூடு மட்டும் ஸ்டோரேஜுக்கு நட்டம். சுவிட்சை நாள் முழுக்க விட்டுவைக்கும் வீட்டில் அது பெரிதாகும், குளிக்க இருபது நிமிடம் முன்னால் போட்டு அணைக்கும் வீட்டில் சின்னது. கட்டணத்தை மட்டும் வைத்து முடிவெடுத்தால் நாணயத்தைச் சுண்டிப் பார்த்தே எடுத்துவிடலாம்.

இன்னொன்றும் இருக்கிறது. நம் குழாய்த் தண்ணீரே 27 டிகிரியை ஒட்டித்தான் வருகிறது. 3.3 கிலோவாட் ஹீட்டர் நிமிடத்துக்கு 3 லிட்டரை ஏறத்தாழ 16 டிகிரி சூடாக்கும். 27ம் 16ம் சேர்ந்தால் 43, அது குளிக்கத் தேவையானதைவிடவே அதிகம். பிரிட்டனில் குளிர்காலத்தில் குழாயில் 5, 10 டிகிரித் தண்ணீர் வரும், அதனால் அங்கே ஷவருக்கு 8.5 முதல் 10.5 கிலோவாட் வரை தேவைப்படுகிறது. சின்ன இன்ஸ்டன்ட் ஹீட்டர் இங்கே ஒழுங்காக வேலை செய்வதற்கு நம் ஊர் வெயிலும் ஒரு காரணம். வெளிநாட்டவர் எழுதிய விமர்சனங்களைப் படித்துவிட்டு, இன்ஸ்டன்டில் சூடு பத்தாது என்று பயப்பட வேண்டாம்.

இனி எங்கள் முடிவைத் தீர்மானித்த விஷயத்துக்கு வருகிறேன். அது பராமரிப்பு.

பழைய ஹீட்டரை இறக்க வந்த பிளம்பர் தம்பி, சீலிங் பலகையை அறுத்துத்தான் மேலே கை விட வேண்டியிருந்தது. தொட்டியைக் கீழே வைத்ததும் அதன் அடியிலிருந்து ஒரு மரையைக் கழற்றி, உள்ளேயிருந்து ஒரு கம்பியை உருவி என் கையில் கொடுத்தார். "அண்ணே, இது விரல் தடிமனுக்கு இருக்க வேண்டிய சாமான்" என்றார். என் கையில் இருந்தது சைக்கிள் ஸ்போக் மாதிரி ஒரு மெல்லிய இரும்புக் கம்பி. அதன்மேல் அங்கங்கே சுண்ணாம்பு போல வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது, தேய்த்ததும் உதிர்ந்துவிட்டது.

அதுதான் ஆனோடு. ஸ்டோரேஜ் ஹீட்டரின் தொட்டி பெரும்பாலும் எஃகு, உள்ளே கண்ணாடி போன்ற எனாமல் பூச்சு இருக்கும். அந்தப் பூச்சில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகளும் விரிசல்களும் எப்படியும் இருக்கும், அந்த இடத்தில் தண்ணீர் எஃகைத் தொட்டால் துரு பிடிக்கும். அதைத் தடுக்கத்தான் உள்ளே ஒரு மக்னீசியத் தண்டைத் தொங்கவிடுகிறார்கள். மக்னீசியம் எஃகைவிடச் சுலபமாக அரிபடும் உலோகம். அது முதலில் அரிபட்டு, தான் இருக்கிறவரை தொட்டியைக் காப்பாற்றும். அது தீர்ந்த நாளிலிருந்து தொட்டி அரிபட ஆரம்பிக்கும். எங்கள் தொட்டியின் அடித் தையலில் ஊசி முனை அளவு ஓட்டை. அந்தக் கம்பி எத்தனை வருடத்துக்கு முன் தீர்ந்ததோ தெரியாது. எங்கள் ஆறு வருடத்தில் யாரும் திறந்து பார்க்கவில்லை.

ஓரிரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஆனோடைப் பார்க்க வேண்டும், தேய்ந்திருந்தால் மாற்ற வேண்டும், கூடவே தொட்டியை வடித்து அடியில் தங்கியிருக்கும் வண்டலை வெளியேற்ற வேண்டும். தண்டின் விலை ஒன்றும் பெரிதில்லை. ஆனால் சீலிங்குக்கு மேலே, ஆள் நுழைய முடியாத இடத்தில் தொட்டி இருந்தால் இந்த வேலையை யார் செய்வது? பலகையை அறுக்க வேண்டும், பிறகு ஒட்டி, பூசி, வண்ணம் அடிக்க வேண்டும். அதனால் யாரும் செய்வதில்லை. எங்கள் புளோக்கிலேயே ஸ்டோரேஜ் வைத்திருக்கும் நாலைந்து பேரிடம் விசாரித்தேன். ஆனோடு மாற்றிய வீடு ஒன்றுகூட இல்லை, அப்படி ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியவில்லை. இந்த நிலை எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. நல்ல தொட்டி ஒன்று, சின்னச் செலவில் ஒரு தண்டு மாற்றாததால் காயலான் கடைக்குப் போகிறது.

பாதுகாப்பு வால்வு இதைவிட முக்கியம். தண்ணீர் சூடாகும்போது விரிகிறது. 20 லிட்டர் 60 டிகிரிக்குப் போனால் கால் லிட்டருக்குக் கொஞ்சம் மேலேயே விரியும். அந்த அழுத்தத்தைக் குறைக்கத்தான் அந்த வால்வு. அதன் குழாயில் அவ்வப்போது சொட்டுவது பழுது இல்லை, அது தன் வேலையைச் செய்கிறது என்று அர்த்தம். சொட்டுகிறதே என்று அந்தக் குழாயை யாராவது அடைத்துவிட்டால் தொட்டி வெடிக்கும் ஆபத்து உண்டு. ஸ்டோரேஜ் ஹீட்டரை உரிமம் பெற்ற பிளம்பர்தான் பொருத்த வேண்டும் என்று சிங்கப்பூரின் தண்ணீர் அமைப்பான பொதுப் பயனீட்டுக் கழகம் வலியுறுத்துவது இதனால்தான். கொஞ்சம் காசு மிச்சமாகிறது என்று காண்டிராக்டரின் கையாளை வைத்துப் பொருத்த வேண்டாம். தயவுசெய்து இதில் மட்டும் சமரசம் வேண்டாம்.

இன்ஸ்டன்டில் இதெல்லாம் கிடையாது. ஆனோடு இல்லை, வண்டல் தங்குகிற தொட்டி இல்லை. எல்லாம் சுவரில், கண் மட்டத்தில் இருக்கிறது. கசிந்தால் அன்றைக்கே தெரிந்துவிடும். பொருத்திய நாலாவது மாதம் எங்கள் பொதுக் குளியலறையில் தண்ணீர் நூல் மாதிரி வந்தது, ஹீட்டரும் சூடேற்றவில்லை. தண்ணீர் ஓட்டம் குறைந்தால் ஹீட்டர் தானாக நின்றுவிடும், அப்படித்தான் செய்திருக்கிறார்கள். வால்வை மூடி, உள்ளே வரும் குழாயைக் கழற்றினேன். பொத்தான் அளவு ஒரு வலைச்சல்லடை, அதில் கடுகு கடுகாகத் துரு மணல். பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவி மாட்டினேன். பத்து நிமிட வேலை, யாரையும் கூப்பிடவில்லை. இப்போது மாதம் ஒருமுறை அதிலிருக்கும் சோதனைப் பொத்தானை அழுத்திப் பார்க்கிறேன், மின்சாரம் உடனே துண்டிக்கப்பட வேண்டும். அவ்வளவுதான் பராமரிப்பு.

அந்தப் பொத்தானை நான் மதிப்பதற்குக் காரணம் உண்டு. இன்ஸ்டன்டில் நாம் குளித்துக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் தண்ணீருக்குப் பக்கத்தில் ஓடுகிறது. வாங்குவதற்கு முன் வீட்டு மின்பெட்டியில் ஆர்சிசிபி இருக்கிறதா என்று பாருங்கள். மின்கசிவு ஏற்பட்டால் நொடியில் துண்டிக்கும் கருவி அது. 1985 ஜூலைக்கு முன் கட்டிய வீடுகள் சிலவற்றில் இது இல்லாமல் இருந்தது. 2023 ஜூலை 1 முதல் எல்லா வீட்டுக்கும் கட்டாயமாக்கி, பொருத்த இரண்டு வருட அவகாசமும் கொடுத்தார்கள், அது 2025இல் முடிந்துவிட்டது. அப்புறம், 3.3 கிலோவாட் என்றால் 14 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். சாதாரண 13 ஆம்பியர் பிளக்கில் மாட்டக் கூடாது, அதற்கென்று தனிக் கம்பியும் 20 ஆம்பியர் சுவிட்சும் வேண்டும். இது உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன் செய்யும் வேலை.

சரி, இன்ஸ்டன்ட் எங்கே தோற்கும்? தலைக்கு மேலே அகலமாகக் கொட்டும் ரெயின் ஷவர் வேண்டுமென்றால் தோற்கும். நிமிடத்துக்கு 8, 10 லிட்டர் ஓட்டத்தை 3.3 கிலோவாட்டால் சூடாக்க முடியாது. பல மாடல்களில் அதோடு வரும் கைஷவரைத் தவிர வேறெதையும் இணைக்கவும் கூடாது. முகம் கழுவும் தொட்டிக்கும் வெந்நீர் வேண்டும் என்பவர்களுக்கும் ஸ்டோரேஜ்தான்.

வாளிக் குளியலும் ஒரு கேள்வி. எங்களோடு இருக்கும் அத்தைக்கு ஷவர் பிடிக்காது. முக்காலியில் உட்கார்ந்து சொம்பால் மொண்டு ஊற்றிக் குளித்தால்தான் அவருக்குக் குளித்த மாதிரி. 15 லிட்டர் வாளி நல்ல சூட்டில் நிரம்ப இன்ஸ்டன்டில் நாலு நிமிடம் ஆகிறது. முதல் வாரம், "இது என்ன தம்பி, சொட்டுச் சொட்டா வருது" என்றார். இப்போது எண்ணெய் தேய்த்துக்கொள்வதற்கு முன் குழாயைத் திறந்துவிட்டுப் போகிறார். தீபாவளி எப்படிப் போகுமோ என்றுதான் எனக்குக் கவலை இருந்தது. ஐந்து பேர், இரண்டு குளியலறை, விடியுமுன் எல்லாரும் எண்ணெய்க் குளியல். பழைய தொட்டி இருந்தபோது இரண்டு பேர் குளித்ததும் மூன்றாவது ஆள் தலையில் எண்ணெயோடு இருபது நிமிடம் காத்திருக்க வேண்டும். இந்தத் தடவை யாரும் காத்திருக்கவில்லை. வாளி நிரம்ப நேரம் பிடித்தது, வெந்நீர் தீரவில்லை.

கேஸ் ஹீட்டரைப் பற்றி அனுபவத்தில் சொல்ல எனக்கு அதிகம் இல்லை. புக்கிட் பாத்தோக்கில் மைத்துனர் வீட்டில் இருக்கிறது, அங்கே தங்கும்போது நாலைந்து முறை குளித்திருக்கிறேன். ஓட்டம் அருமை, வெந்நீர் தீர்வதே இல்லை, இரண்டு குளியலறைக்கும் சேர்த்துப் போகிறது. ஆனால் ஹீட்டர் சமையலறைக்குப் பின்னால், துணி காயும் இடத்தில் இருக்கிறது. அங்கிருந்து குழாயில் நின்ற பச்சைத் தண்ணீர் முழுவதும் ஓடித் தீர்ந்தபிறகுதான் குளியலறைக்குச் சூடு வரும், அவர்கள் அதை வாளியில் பிடித்துச் செடிக்கு ஊற்றுகிறார்கள். எரியும்போது புகை வெளியே போக ஜன்னல் திறந்திருக்க வேண்டும், மழைச்சாரல் அடிக்கிறது என்று அந்த இடத்தை முழுக்க மூடிவிட்டால் கார்பன் மோனாக்சைடு ஆபத்து. எங்கள் வீட்டில் அந்த ஜன்னலை மூடியே வைத்திருப்போம், அதனால் இதை எடுக்கவில்லை. கேஸ் குழாய் ஏற்கெனவே இருந்து, காற்றோட்டமும் நன்றாக இருந்தால் நிச்சயம் விசாரித்துப் பாருங்கள்.

ஸ்டோரேஜ்தான் வேண்டும் என்று முடிவெடுத்தவர்களுக்கு ஒரு வேண்டுகோள். காண்டிராக்டர் வரைபடத்தைக் காட்டும்போதே, தொட்டிக்கு நேர்கீழே கதவு வைத்த திறப்பு வேண்டும் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். ஆனோடை உருவி எடுக்கும் அளவுக்கு அடியில் இடம் இருக்க வேண்டும், திறப்பு சின்னதாக இருந்தால் பிரயோசனமில்லை. வீடமைப்புக் கழகத்திடமே நேரடியாக வாங்கும் புது பிடிஓ வீடாக இருந்தால் முதல் 3 வருடத்துக்குக் குளியலறைத் தரை, சுவர் ஓடுகளை உடைக்க அனுமதி கிடையாது, அதனால் வெந்நீர்க் குழாயைச் சுவருக்குள் புதைப்பதும் அப்போதைக்கு நடக்காது. பொருத்திய தேதியைத் தொட்டியின் மேலேயே மார்க்கரில் எழுதச் சொல்லுங்கள். எங்கள் தொட்டியில் ஒரு தேதியும் இல்லை.

அந்தக் கம்பியை நான் இன்னும் தூக்கிப் போடவில்லை. போன மாதம் பக்கத்து புளோக்கில் வீடு வாங்கிய நண்பர் ஃபால்ஸ் சீலிங் போடப் போவதாகச் சொன்னார். கம்பியை எடுத்துவந்து அவர் கையில் கொடுத்தேன். கொஞ்ச நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார், அப்புறம் காண்டிராக்டருக்கு ஃபோன் போட்டார்.