"ஒரே நாளில் பூஞ்சணம் போகும்" என்று வருபவர்களிடம் கவனம்

பினாங்கில் வாசல் பெஞ்சு, தோட்டத்து மேசை நாற்காலி என்று வெளியே மரச்சாமான் வைத்திருப்பவர்கள், யாரிடமும் பணம் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். "ஒரே நாளில் பூஞ்சணத்தை நீக்கி வார்னிஷ் அடித்துத் தருகிறோம், ஐந்து வருட உத்தரவாதம்" என்று ஃபேஸ்புக்கில் வந்த விளம்பரத்தை நம்பி 480 ரிங்கிட் கொடுத்தேன். இப்போது பெஞ்சு முன்பைவிட மோசமாக இருக்கிறது. ஏமாற்று வேலையே அந்த "ஒரே நாள்" என்பதில்தான் இருக்கிறது.

எங்கள் வீடு ஆயர் ஈத்தாமில், மலையடிவாரத்தில். வெயில் தாமதமாக வரும், ஈரம் சீக்கிரம் போகாது. வாசலில் கிடக்கும் தேக்குப் பெஞ்சில்தான் அப்பா மாலையில் உட்காருவார். அதில் கறுப்புப் புள்ளிகள் பரவியதால்தான் ஆளைக் கூப்பிட்டேன்.

வந்த இரண்டு பேரும் கார் கழுவும் ஜெட்டை வைத்துப் பெஞ்சை அடித்தார்கள். மரத்தின் மென்மையான பகுதி அரித்துப் போய், நார் நாராக எழும்பி நின்றது. அப்புறம் துணி வெளுக்கும் பிளீச்சான கிளோராக்ஸைத் தண்ணீரே கலக்காமல் ஊற்றினார்கள். கறை சரியாகப் போகாத இடத்தில் கழிவறை கழுவும் ஆசிட்டையும் அதன் மேலேயே ஊற்றினான் ஒருவன். குப்பென்று கிளம்பிய நெடியில் அப்பாவுக்கு இருமல் நிற்கவில்லை. அவரை உடனே பின்கட்டுக்கு அழைத்துப் போனேன். கிளோராக்ஸோடு ஆசிட் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். அது நுரையீரலைத் தாக்கும் நச்சு. வயதானவர் இருக்கும் வீட்டு வாசலில் இதைச் செய்தவர்களை என்னால் மன்னிக்க முடியவில்லை. அம்மோனியா உள்ள எதையும்கூட கிளோராக்ஸோடு கலக்கக் கூடாது.

மதியம் வார்னிஷ் டின்னைத் திறந்தார்கள். "மரம் காய வேண்டாமா தம்பி?" என்று கேட்டேன். "இது ஸ்பெஷல் சாமான்க்கா, ஈரத்திலேயே பிடிச்சிக்கும்" என்றான்.

சில வாரங்களில், அக்டோபர் மழை பிடித்ததும், வார்னிஷுக்கு அடியில் வெள்ளையாகப் பூத்தது. பிறகு அதே கறுப்பு, இந்த முறை துடைக்கவே முடியாத இடத்தில். போன் செய்தால், "பினாங்கு மழைக்கு அப்படித்தான்க்கா ஆகும், உத்தரவாதம் வார்னிஷுக்கு மட்டும்தான்" என்றார்கள். அதற்குப் பிறகு எடுப்பதே இல்லை.

பழக்கமான தச்சர் ஒருவர் வந்து பார்த்தார். "ஈரத்த உள்ள வச்சுப் பூட்டிட்டானுங்கம்மா" என்றார். மரத்தில் ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் நின்றாலே பூஞ்சணத்துக்குக் கொண்டாட்டம்தான். மேலே வார்னிஷ் மூடிவிட்டால் அந்த ஈரம் வெளியேற வழியே இல்லை. இனி வார்னிஷ் முழுவதையும் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் மற்ற வேலை.

அவர் சொன்ன முறை இதுதான். முதலில் கறுப்புப் புள்ளி மேல் ஒரு சொட்டு கிளோராக்ஸ் விட்டுப் பார்க்க வேண்டும். ஓரிரு நிமிடத்தில் வெளுத்தால் பூஞ்சணம். வெளுக்காவிட்டால் அழுக்கு, அல்லது ஆணியின் இரும்பு மரத்தில் இறங்கிய கறை. இரும்புக் கறைக்கு ஆக்சாலிக் ஆசிட்தான் மருந்து, அதையும் கிளோராக்ஸ் பட்ட மரத்தை நன்றாக அலசிய பிறகே தொட வேண்டும். பூஞ்சணம்தான் என்றால் சோப்புத் தண்ணீரும் மென்மையான பிரஷும் போதும். விடாப்பிடியாக இருந்தால் ஒரு பங்கு கிளோராக்ஸுக்கு மூன்று பங்கு தண்ணீர், கையுறையோடு. நன்றாக அலசிவிட்டுக் காற்றோட்டமான இடத்தில் நாள்கணக்கில் காயவிட வேண்டும். உள்ளே ஈரம் எவ்வளவு என்று மீட்டர் வைத்துப் பார்க்காமல் எதையும் பூசக் கூடாது. ஜனவரி, பிப்ரவரியில் இங்கே மழை குறைவு, அப்போது செய்வது நல்லது. பூசுவதும் பூஞ்சணத் தடுப்பு மருந்து கலந்த, தண்ணீர் ஒட்டாத பூச்சாக இருக்கட்டும். வெறும் லின்சீட் (ஆளிவிதை) எண்ணெய் வேண்டாம், பூஞ்சணத்துக்கு அதுவே தீனி. பெஞ்சின் கால்கள் ஈரத் தரையில் நிற்காமல் ரப்பர் கட்டை வையுங்கள், கீழே காற்று போகட்டும்.

பணத்தைத் திரும்பப் பெற பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போகலாம். 50,000 ரிங்கிட் வரை கோரலாம், மனுவுக்கு 5 ரிங்கிட்தான், வழக்கறிஞர் தேவையில்லை. ஆனால் என்னிடம் உள்ள ரசீதில் நிறுவனப் பதிவு எண்ணும் இல்லை, முகவரியும் இல்லை. பணம் போனதும் ஒரு தனியாள் வங்கிக் கணக்குக்கு. மனுவை எந்த முகவரிக்குப் போடுவது என்று தேடிக்கொண்டிருக்கிறேன். அதனால் ஆள் வாசலுக்கு வருமுன்பே பதிவு எண், முகவரி, எத்தனை நாள் காயவிடுவார்கள் என்ற மூன்றையும் வாட்ஸ்அப்பில் எழுதித் தரச் சொல்லுங்கள். இதே விளம்பரத்தில் மாட்டியவர்கள் இருந்தால் எனக்குச் செய்தி அனுப்புங்கள், ரசீதுகளை ஒன்றாக வைத்துப் பார்க்கலாம்.