அன்னாசி நாரா, அபாக்கா நாரா?

பிலிப்பைன்ஸ் கைத்தறியில் ஒரு துணி மட்டுமே வாங்கப் பணம் இருக்கிறது என்றால், போட்டி பெரும்பாலும் அன்னாசி நாரில் நெய்யும் பின்யாவுக்கும் அபாக்கா நாரில் நெய்யும் தி'னாலாக்குக்கும் இடையேதான். உடுத்துவதற்கா, சுவரில் மாட்டுவதற்கா என்பதை முதலில் முடிவு செய்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

பின்யா, பனாய்த் தீவின் அக்லான் மாகாணத்தில், குறிப்பாகக் கலிபோவில் நெய்யப்படுவது. ஸ்பானியர் கொண்டுவந்த அன்னாசியின் இலையை உடைந்த பீங்கான் தட்டின் விளிம்பால் சுரண்டினால் முதலில் முரட்டு நார் உரியும். அடியில் இருக்கும் மெல்லிய நாரைத் தேங்காய்ச் சிரட்டையால் சுரண்டி எடுப்பார்கள். இலையின் நீளத்துக்கு மேல் நார் வராது என்பதால், ஒவ்வோர் இழையையும் அடுத்ததோடு கையால் முடிந்து நூலாக்கிய பிறகே தறிக்குக் கொண்டுபோக முடியும். விலை ஏன் அவ்வளவு என்று கேட்பவர்கள் அந்த முடிச்சுகளை ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம். கண்ணாடிபோல் ஊடுருவித் தெரியும் இத்துணியில்தான் ஆண்களின் பாரோங் தகாலோக் சட்டை தைக்கப்படுகிறது. யுனெஸ்கோ 2023இல் இந்நெசவைத் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. பட்டு கலந்த ரகமும் கடைகளில் உண்டு. கேட்காமல் வாங்கக் கூடாது.

தி'னாலாக் அதற்கு நேர்மாறானது: கனத்தது, கறுத்தது. மிண்டனாவோவின் செபு ஏரிப் பகுதியில் தி'போலிப் பழங்குடிப் பெண்கள் நெய்யும் இதற்கு நார் தருவது வாழையின் உறவான அபாக்கா. நம் ஊரில் மணிலாக் கயிறு என்று பெயர் பெற்றதும் அதே நார்தான். பாவு நூலை (தறியில் நீளவாக்கில் ஓடும் நூலை) ஆங்காங்கே இறுக்கிக் கட்டிச் சாயத்தில் முக்குவதால், கட்டிய இடம் வெண்மையாக நிற்க, மற்றவை கறுப்பும் சிவப்புமாகின்றன. ஆகவே தறியில் ஏறுவதற்கு முன்பே வடிவம் நூலில் இருந்துவிடுகிறது. அவ்வடிவங்கள் கனவில் கிடைப்பவை என்பது அவர்களின் நம்பிக்கை; அந்நெசவுக்காக 1998இல் பிலிப்பைன்ஸின் தேசிய விருது பெற்ற தி'போலி நெசவாளர் லாங் டுலாய். நெய்து முடித்த துணியைச் சோழியால் தேய்த்து மெருகேற்றுகிறார்கள்.

நுணுக்கத்தில் பின்யா ஒரு படி மேல் என்றாலும், ஒன்றே ஒன்று என்றால் என் தேர்வு தி'னாலாக்தான், ஏனெனில் பின்யாவின் அழகு பாதியும் அதன்மேல் போடும் பூத்தையலில் இருக்க, இதன் அழகு முழுவதும் நூலுக்குள்ளேயே இருக்கிறது. ஆனால் கைப்பையாகவும் பணப்பையாகவும் வெட்டித் தைத்ததை வாங்க மனம் வரவில்லை. துணியை வெட்டினால் நோய் வரும் என்பது தி'போலி வழக்கு. விற்க நேர்ந்தால், ஆவிகளைச் சாந்தப்படுத்த ஒரு பித்தளை வளையத்தைத் துணியோடு கட்டிக் கொடுப்பதுண்டு. அப்படி வளையத்தோடு வரும் துணி கிடைத்தால் வளையத்தைக் கழற்றாமலே மாட்டிவையுங்கள்.