பாப்பான் முதல் சித்தியவான் வரை: தனி வேனா, சொந்தக் காரா, டூர் பஸ்ஸா?

மலேசியாவின் பெராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டில் இருந்துகொண்டு பக்கத்துக் கிந்தா பள்ளத்தாக்கின் பழைய ஊர்களைப் பார்க்காதவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். பாப்பான், பத்து காஜா, தஞ்சோங் துவாலாங், கடைசியில் சித்தியவானில் சிவப்பு அரிசி மது செய்யும் ஒரு வீடு: இவ்வளவையும் ஒரே நாளில் முடிக்க வேண்டும் என்று கிளம்பினோம். பெரியவர்கள், பிள்ளைகள் எல்லாரையும் சேர்த்தால் ஒரு காரில் அடங்காத கூட்டம். ஓட்டுநரோடு தனி வேன் எடுத்தோம். இப்போது யார் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன்.

டூர் பஸ்ஸை முதலில் பேசி முடித்துவிடுகிறேன். நான் அதில் போனதில்லை. சின்னம்மா சங்கத்தோடு போய் வந்து சொன்னதுதான். ஆளுக்கு என்று பார்த்தால் செலவு குறைவு, சாப்பாடும் அவர்கள் பொறுப்பு. ஆனால் பத்து காஜா பக்கத்துக் கெல்லி மாளிகையில் இறக்கிவிட்டு நேரம் சொல்லிவிடுவார்களாம். 1915இல் கட்டத் தொடங்கி, 1926இல் அதன் உரிமையாளரான ஸ்காட்லாந்துத் தோட்ட முதலாளி கெல்லி ஸ்மித் லிஸ்பனில் இறந்ததும் பாதியில் நின்றுபோன மாளிகை அது. நமக்கு அதைவிட முக்கியம், சற்றுத் தள்ளி இருக்கும் மாரியம்மன் கோயில். வேலையாட்கள் காய்ச்சலில் மடிந்தபோது அவர்கள் கேட்டு ஸ்மித் கட்டிக்கொடுத்தது என்பார்கள். கூரையில் சாமி சிலைகளோடு தொப்பி போட்ட ஒரு வெள்ளைக்காரரும் நிற்கிறார். சின்னம்மா போன பஸ் அங்கே நிற்கவில்லை. எங்கள் வேன் நின்றது. ஓட்டுநர் அண்ணன், "தம்பி, அம்மாவ வாசல்லயே இறக்கி விட்டுடுறேன், நீங்க மெதுவா வாங்க" என்றார்.

சொந்தக் காருக்கு நல்ல பக்கம் இல்லாமல் இல்லை. பெட்ரோல், டோல் தவிரச் செலவில்லை. ஈப்போவுக்குக் காரில் போவது நமக்கு அன்றாடச் சங்கதி. நான்கு பேர் என்றால் வேனுக்கு ஏன் காசு கொடுக்க வேண்டும்? ஆனால் எங்கள் கூட்டத்துக்கு இரண்டு கார் வேண்டும். பாப்பானில் ஒன்று இந்தச் சந்தில், ஒன்று அந்தச் சந்தில் என்று போன் போட்டுக்கொண்டே இருந்திருப்போம். ஜப்பான்காரன் காலத்தில் சிபில் கார்த்திகேசு என்ற நர்ஸ், ஜப்பானியரை எதிர்த்த கெரில்லாக்களுக்கு ரகசியமாக மருத்துவம் பார்த்தது அங்கே மெயின் ரோட்டின் 74ஆம் எண் வீட்டில்தான். நிதானமாக நின்று பார்க்க வேண்டிய தெரு அது.

ஆனாலும் என்னைப் பொறுத்தவரை முடிவு செய்தது வேறொன்று. சாயங்காலம் ஸ்டியரிங்கைப் பிடிப்பது யார்?

கணக்குப் பாருங்கள். காலையில் வெளியே பசியாறிவிட்டுக் கிளம்பி, மத்தியானம் தஞ்சோங் துவாலாங்கில் 1938இல் கட்டி 1982 வரை ஈயம் தோண்டிய அந்த ராட்சதக் கப்பலில் ஏறி இறங்கி, பெராக் ஆற்றைத் தாண்டி சித்தியவான் சேரும்போதே உடம்பு அசந்துவிடும். அங்கேதான் மது. 1903இல் மெதடிஸ்ட் சபையோடு வந்து குடியேறிய ஃபூச்சோ சீனர்களின் கைப்பக்குவம். புலூட் எனும் பசையரிசியும் சிவப்பு ஈஸ்ட் அரிசியும் சேர்த்துப் புளிக்க வைப்பது. கோழி போட்டு மீ சுவா எனும் மெல்லிய நூடுல்ஸில் ஊற்றிக் கொடுப்பார்கள், தனியாகவும் சின்னக் கப்பில் நீட்டுவார்கள். தித்திப்பாக இருப்பதால் தெரியாது, கள்ளைவிட வேகம் அதிகம். தோட்டத்துக் கள்ளுக்கடையைப் பார்த்த மாமாவே இரண்டாவது கப்போடு நிறுத்திக்கொண்டார்.

அதற்குமேல் வீடு திரும்ப நூறு கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது, அதில் பெரும்பகுதி விளக்கு குறைந்த சாலை. 2020 அக்டோபரிலிருந்து ரத்தத்தில் மது அளவு 100 மில்லி லிட்டருக்கு 50 மில்லி கிராமுக்கு மேல் போகக்கூடாது, முன்பு 80. மாட்டினால் முதல் தடவையே குறைந்தது 10,000 வெள்ளி அபராதம், சிறையும் உண்டு. வேன் வாடகை அதற்குப் பக்கத்தில்கூட வராது. குடிக்காத ஒருவர் ஓட்டலாமே என்பீர்கள். ஓட்டலாம். எங்கள் வீட்டில் அது என் மச்சானாகத்தான் இருக்கும். காலையிலிருந்து ஓட்டி, பார்க்கிங் தேடி, கடைசியில் மற்றவர்கள் ருசிப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்பவருக்கு அது என்ன உல்லாசப் பயணம்? அதோடு அசதி என்பது குடிக்காதவனுக்கும் வரும்.

வேனிலும் ஒரு சிக்கல் உண்டு. யாரோ தெரிந்தவர் தன் சொந்த வேனைக் குறைந்த வாடகைக்குத் தருகிறேன் என்பார். பெர்மிட் இல்லாமல் வாடகைக்கு ஓட்டுவது சட்டவிரோதம். சொந்த வாகன இன்சூரன்ஸும் வாடகை ஓட்டத்துக்குப் பொருந்தாது. ஓட்டுநரிடம் பிஎஸ்வி லைசென்ஸ், அதாவது வாடகைக்குப் பயணிகளை ஏற்றி ஓட்டும் உரிமம், இருக்கிறதா என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். வாடகை ஆளுக்கு ஆள் மாறும், நான் ஒரே ஒருவரிடம்தான் பேசியதால் நியாய விலை இதுதான் என்று சொல்ல மாட்டேன். நேரம் தாண்டினால் மணிக்கு எவ்வளவு, ஓட்டுநர் சாப்பாடு யார் செலவு, இரண்டையும் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

அப்புறம், சித்தியவானின் கம்போங் கோ சில்லி சாஸ் வாங்க இடம் விட்டு வையுங்கள். வேனில் பின்சீட்டுக்கு அடியில் ஒரு பெட்டி தாராளமாகப் போகும்.