ஈக்கோ, நார்மல், ஸ்போர்ட்: தாமதம் பெடலில் இல்லை, கியரில் இருக்கிறது

ஆட்டோமேட்டிக் காரின் மூன்று மோட்களையும் போதுமான அளவு ஓட்டிப் பார்த்துவிட்டு நான் நிலைத்து நின்றது நார்மலில். ஓவர்டேக் செய்யும்போதும் மலைப்பாதையிலும் மட்டும் கியர் லீவரை எஸ் (ஸ்போர்ட் கியர் நிலை) பக்கம் தள்ளிக்கொள்வேன். சிக்கனத்துக்கான ஈக்கோ பட்டனைத் தொடுவது அரிது. என்னுடையது டர்போ (வெளிப்புகையால் சுழன்று என்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் கருவி) பெட்ரோல் என்ஜின், டார்க் கன்வெர்ட்டர் (என்ஜின் சுழற்சியை எண்ணெய் வழியாகக் கடத்தும்) கியர்பாக்ஸ். கீழே சொல்வதில் பெரும்பகுதி அந்த வகைக் காருக்குத்தான் அப்படியே பொருந்தும்.

எல்லோருக்கும் தெரிந்ததை முதலில் முடித்துவிடலாம். பல கார்களில் ஈக்கோ போட்டால் ஏசி கொஞ்சம் அடங்கும், ஸ்போர்ட் போட்டால் ஸ்டீயரிங் கனக்கும், மீட்டரின் நிறம் மாறும். இவை எல்லாம் சீக்கிரம் பழகிவிடும். இவற்றை வைத்து யாரும் ஒரு மோடைத் தேர்ந்தெடுக்கப் போவதில்லை.

அடுத்தது பெடல். பழைய கார்களில் ஆக்ஸிலரேட்டருக்கும், என்ஜினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் வால்வுக்கும் நடுவே ஒரு கேபிள் ஓடியது. மிதித்த அளவுக்கு வால்வு திறந்தது. இன்றைய கார்களில் அந்தக் கேபிள் கிடையாது. பெடல் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதை சென்சார் பார்த்து ஈசியூவுக்கு, அதாவது என்ஜினை ஆளும் கணினிக்கு, சொல்கிறது. ஒன்று தவறினால் தெரிய வேண்டும் என்பதற்காக இரண்டு சென்சார்கள் வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். எவ்வளவு இழுவை கேட்கப்படுகிறது என்று ஈசியூ கணக்குப் போட்டு, சின்ன மோட்டார் ஒன்றால் வால்வைத் திறக்கிறது. மோட் பட்டன் மாற்றுவது இந்தக் கணக்கை. ஸ்போர்ட் என்பது கால்வாசி திருகியதுமே பாதித் தண்ணீர் கொட்டுகிற குழாய். ஈக்கோவில் அதே அளவு திருகினால் மெல்லிய ஒழுக்குதான் வரும். முழுசாகத் திறந்துவிட்டால் பெரும்பாலான கார்களில் இரண்டிலும் ஒரே வேகத்தில்தான் தண்ணீர் வரும். ஈக்கோவில் உச்ச சக்தியையே குறைத்து வைக்கிற கார்களும் உண்டு. அவற்றில் பலவற்றில் பெடலை அடிவரை அமுக்கினால் அந்தக் கட்டு தளர்ந்துவிடும்.

ஆகவே ஸ்போர்ட் மோடில் கார் துள்ளிப் பாய்வது போலத் தோன்றுவதில் ஒரு பகுதி, காலுக்குக் கிடைக்கிற உணர்வு மட்டுமே. அந்தத் துள்ளல் நெரிசலில் தொல்லை. முன்வண்டி ஓரடி நகர்ந்ததும் நாமும் ஓரடி நகர வேண்டும் என்றால் பெடலின் முதல் கால்வாசியில்தான் காலுக்கு வேலை. அங்கேதான் ஸ்போர்ட் அவசரப்படுகிறது. கார் குதிக்கும், உடனே பிரேக், பின்சீட்டில் இருப்பவர்களின் தலை ஆடும். ரிவர்ஸ் எடுத்து நிறுத்தும்போது இன்னும் மோசம். இந்த இடத்தில் ஈக்கோ உண்மையிலேயே இதமானது, அதை மறுக்க மாட்டேன். மழையில் வழுக்கும் சாலையிலும் அந்த மென்மை நல்லது. சக்கரம் சட்டென்று சுழன்று பிடியை இழக்கும் வாய்ப்பு குறையும்.

அப்படியானால் ஈக்கோவிலேயே ஓட்டலாமே என்று கேட்கலாம். என் முடிவைத் தீர்மானித்தது பெடல் அல்ல, கியர்பாக்ஸ்.

ஈக்கோவில் கியர்பாக்ஸுக்கு இருக்கிற ஒரே குறி, முடிந்தவரை சீக்கிரம் மேல் கியருக்குப் போய் என்ஜினைக் குறைந்த சுற்றில் வைத்திருப்பது. சமதளத்தில் நிதானமாகப் போகும்போது ஆர்பிஎம் (நிமிடத்துக்கு என்ஜின் சுற்றும் எண்ணிக்கை) 1,300, 1,400 என்ற அளவிலேயே கிடக்கும். டர்போ பெட்ரோல் என்ஜின்கள் பெரும்பாலும் 1,500 முதல் 2,000 சுற்றுக்குள்தான் முழு இழுவைக்கு வருகின்றன. அதற்குக் கீழே டர்போவைச் சுழற்றப் போதுமான வெளிப்புகை இல்லை. இந்த நிலையில் லாரி ஒன்றைத் தாண்ட நினைத்து பெடலை அமுக்கினால் என்ன நடக்கும்? முதலில், மெத்தனமான பெடல் நாம் கேட்டதைக் குறைத்துச் சொல்கிறது. அப்புறம் கியர்பாக்ஸ் யோசித்து ஒரு கியர் இறங்குகிறது, போதவில்லை என்று தெரிந்து இன்னொன்றும் இறங்குகிறது. பிறகு டர்போ சுழன்று அழுத்தம் ஏற வேண்டும். மூன்று தாமதங்களும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுகின்றன. எதிரில் வண்டி வருகிற சாலையில் அந்த ஓரிரு நொடி மிக நீளமானது. அதைவிடக் கவலை, பதற்றத்தில் நாம் இன்னும் அழுத்த, எல்லாம் சேர்ந்து ஒரேயடியாக இழுப்பு வந்து சேர்வது.

எஸ் நிலையில் இதே வேலை வேறு மாதிரி நடக்கிறது. கியர்பாக்ஸ் ஒன்றிரண்டு கியர் கீழேயே காத்திருக்கும். முள் 2,500 பக்கம் நிற்பதால் டர்போ விழிப்பாக இருக்கிறது. காலை அமுக்கினால் கியர் மாற வேண்டிய தேவையே பல நேரம் இல்லை, கார் அப்படியே கிளம்புகிறது. சக்தி கூடியிருக்கிறதா என்றால் இல்லை, தயார் நிலைதான் கூடியிருக்கிறது. எனக்கு வேண்டியது இது மட்டும்தான். என் காரில் லீவரை எஸ்ஸில் வைத்தால் கியர் மாறும் விதம் மாறுகிறது, பெடலின் கூர்மை நார்மலில் இருந்தபடியே இருக்கிறது. அதனால்தான் நார்மலும் எஸ்ஸும் சேர்ந்த இந்தக் கூட்டணி எனக்கு ஒத்துப்போகிறது. லீவரும் பட்டனும் பிணைந்தே இருக்கிற கார் என்றால், ஓவர்டேக்குக்குச் சற்று முன்பே ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இருக்கிற கியர் பேடிலைத் தட்டி ஒரு கியர் இறக்கிக்கொள்வது கிட்டத்தட்ட அதே பலனைத் தரும். இன்டிவிஜுவல் மோட் இருந்தால் இன்னும் நல்லது, என்ஜினை நார்மலிலும் கியர்பாக்ஸை ஸ்போர்ட்டிலும் வைத்துக்கொள்ளலாம்.

மலை இறக்கத்திலும் இதே கதைதான். எஸ்ஸில் கியர் கீழே நிற்பதால் என்ஜினே காரைப் பிடித்துக்கொள்கிறது, பிரேக் சூடேறுவது குறைகிறது. ஈக்கோவிலோ சில கார்கள் காலை எடுத்ததும் என்ஜினைச் சக்கரத்திலிருந்து பிரித்து உருளவிடும். சமதளத்தில் அது சிக்கனம். இறக்கத்தில் எனக்கு அந்த உருட்டல் பிடிப்பதில்லை. கியரில் இருக்கும்போது காலை எடுத்தால் பெட்ரோல் செலுத்துவதையே என்ஜின் நிறுத்திவிடுகிறது, ஐடிலில் உருளும்போது கொஞ்சமாவது எரிகிறது. அந்த வகையில் பார்த்தால் நீண்ட இறக்கத்தில் உருள்வதால் சேமிப்பும் கிடைப்பதில்லை.

மைலேஜுக்காக ஈக்கோ என்பவர்களுக்கு ஒன்று சொல்லலாம். சிக்கனத்தின் பெரும்பங்கு காலில் இருக்கிறது. முன்கூட்டியே பார்த்து காலை எடுப்பவருக்கு நார்மலிலும் நல்ல மைலேஜ் கிடைக்கும். ஈக்கோவின் மந்தத்தைச் சகிக்காமல் ஆழமாக மிதித்துக்கொண்டே போகிறவருக்கு அந்தப் பட்டனால் பெரிய லாபம் வராது. ஆனால் சீரான வேகத்தில் நெடுந்தூரம், வண்டியும் அதிகம் இல்லை என்றால் ஈக்கோவைப் போட்டுக்கொள்வதில் தவறே இல்லை.

த்ராட்டில் ரெஸ்பான்ஸ் பூஸ்டர் என்று தனியாக விற்கிற சின்னப் பெட்டியும் இந்த இடத்தில் நினைவுக்கு வருகிறது. அது செய்வது பெடல் சென்சாரின் சிக்னலைப் பெரிதாக்கிக் காட்டுவது மட்டும்தான். தாமதம் கியரிலும் டர்போவிலும் இருக்கும்போது அந்தப் பெட்டி எதையும் தீர்க்காது, நெரிசலில் குதிப்பதைத்தான் கூட்டும்.

மற்ற கியர்பாக்ஸ்களைப் பற்றி இவ்வளவு உறுதியாகப் பேச மாட்டேன், அவற்றைக் குறைவாகவே ஓட்டியிருக்கிறேன். படிப்படியான கியர் இல்லாத சிவிடியில் ஸ்போர்ட் போட்டால் சுற்று ஏறி நிற்கிறது, இரைச்சலும் கூடவே வருகிறது. இரண்டு கிளட்ச் மாறி மாறி வேலை செய்கிற டூயல் கிளட்சில் கியர் இறங்குவது வேகமாக நடப்பதால் ஈக்கோவுக்கும் ஸ்போர்ட்டுக்கும் இடையிலான இடைவெளி எனக்குக் கொஞ்சம் குறைவாகத் தெரிந்தது. மேனுவல் கியர்பாக்ஸையே தானாக மாற வைத்த ஏஎம்டியில் ஒவ்வொரு கியர் மாற்றத்திலும் இழுவை ஒரு கணம் அறுபடுகிறது, எந்த மோடும் அதை மறைப்பதில்லை. பெரும்பாலான எலெக்ட்ரிக் கார்களில் இறங்கக் கியரும் இல்லை, டர்போவும் இல்லை. அங்கே மோட் மாற்றுவது பெரும்பாலும் பெடல் கணக்கையும் காலை எடுத்ததும் கார் தன்னைத் தானே பிடிக்கிற அளவையும்தான் என்பதால் இந்த அலசல் அதற்குப் பொருந்தாது.

டெஸ்ட் டிரைவ் போகிறவர்கள் நின்ற இடத்திலிருந்து முழுசாக அமுக்கிப் பார்ப்பதைவிட இதைச் செய்து பாருங்கள். வெறிச்சோடிய சாலையில் மணிக்கு 50 கிலோமீட்டரில் சீராகப் போய்க்கொண்டே, ஒவ்வொரு மோடிலும் பெடலைப் பாதிவரை ஒரே மாதிரி அமுக்குங்கள். ஆர்பிஎம் முள்ளைப் பாருங்கள். முள் எகிறிக் குதித்த பிறகுதான் கார் வேகமெடுத்தால் அது கியருக்காகக் காத்திருந்தது என்று பொருள். முள்ளும் காரும் சேர்ந்தே ஏறுகிற மோட் எதுவோ, ஓவர்டேக்குக்கு அதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அப்படியே ஒரு நெரிசலான தெருவுக்குள்ளும் நுழைந்து, அதே மோடில் ஊர்ந்து பார்த்துவிடுங்கள்.