‘வீல்சேர் பேன்ட்’ என்று விற்கும் சாதாரண பேன்ட்: பணம் கட்டும் முன் படியுங்கள்

தண்டுவடக் காயத்தால் வீல்சேரில் இருக்கும் ஒருவருக்காக ஆன்லைனில் வாங்கிய பேன்ட் இது. “உட்கார்ந்தே இருப்பவர்களுக்கென்று தனியாக வெட்டித் தைத்தது” என்று விளம்பரம். விலையும் சாதாரண பேன்ட்டைப் போல இரண்டு மடங்கு. பிரித்துப் பார்த்தால் இடுப்பைச் சுற்றி எலாஸ்டிக், பட்டன் இருக்க வேண்டிய இடத்தில் வெல்க்ரோ, அவ்வளவுதான். மற்றபடி கடையில் தொங்கும் எந்தப் பேன்ட்டுக்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை. பின்பக்கப் பாக்கெட்டுகள் இரண்டும்கூட மூலைக்கு மூலை உலோக ரிவெட்டோடு அப்படியே இருந்தன. திருப்பி அனுப்புகிறோம் என்றதற்கு, “உங்கள் அளவுக்குத் தைத்தது, திரும்ப எடுப்பதில்லை” என்று பதில் வந்தது. அவர்கள் கேட்டு வாங்கிய அளவோ இரண்டே இரண்டு: இடுப்புச் சுற்றளவு, கால் நீளம். இந்த இரண்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவருக்கு யாராலும் பேன்ட் தைக்க முடியாது.

இதே ஏமாற்று வேறு வடிவங்களிலும் நடக்கிறது. படுக்கையிலேயே இருப்பவர்களுக்கான, பின்பக்கம் திறந்து மூடும் பேன்ட்டை ‘வீல்சேர் பேன்ட்’ என்று அனுப்பிவிடுகிறார்கள். ட்ராக் பேன்ட்டின் பக்கத் தையலைப் பிரித்து ஜிப் வைத்து, அதற்கும் அதே பெயர் போடுகிறார்கள். பெயரை நம்பாதீர்கள், வெட்டைப் பாருங்கள்.

உட்கார்ந்தவுடன் முதுகுப்பக்கம் இடுப்பிலிருந்து இருக்கை வரையுள்ள தூரம் நீள்கிறது, வயிற்றுப்பக்கம் அதே தூரம் குறுகுகிறது. நிற்பவருக்காக வெட்டிய துணி பின்னால் போதாமல் கீழே இறங்கும். முதுகின் அடிப்பகுதி வெளியே தெரியும். முன்னால் மிஞ்சிய துணி மடியில் மூட்டையாகக் குவியும், பட்டி வயிற்றை அறுக்கும். இதற்கு விற்பவர்கள் சொல்லும் மருந்து எலாஸ்டிக். அது மருந்தே இல்லை. குறை இடுப்புச் சுற்றளவில் இல்லை, பின்பக்க உயரத்தில் இருக்கிறது. எவ்வளவு இறுக்கினாலும், நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு ஒருமுறை மாறினால் பேன்ட் மறுபடி இறங்கிவிடும். கூடுதலாக வயிற்றில் தழும்புதான் மிஞ்சும்.

பார்சலைப் பிரித்ததும் செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. பேன்ட்டின் ஒரு காலை மற்றொரு காலின் மேல் வைத்து, முன்பக்கம் ஒரு பக்கமும் பின்பக்கம் மறுபக்கமுமாக வரும்படி தரையில் விரியுங்கள். இடுப்புப் பட்டி முன்னிருந்து பின்னோக்கி எவ்வளவு ஏறுகிறது என்று பாருங்கள். சாதாரண பேன்ட்டில் பின் விளிம்பு மூன்று நான்கு செ.மீ. உயர்ந்திருந்தால் அதிகம். உட்காருவதற்கென்று வெட்டியதில் சரிவு பார்த்தவுடனே தெரியும்; 8 முதல் 10 செ.மீ. வரை ஏறும், சிலருடைய உடலமைப்புக்கு அதற்கு மேலும் வேண்டியிருக்கும். பட்டி ஏறக்குறைய நேர்கோடாகக் கிடந்தால் அது வீல்சேர் பேன்ட் இல்லை. இதைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பணத்தைத் திருப்பிக் கேட்கும்போது “சரியில்லை, பிடிக்கவில்லை” என்பதைவிட இந்த ஒரு படம் அதிகம் பேசும்.

பார்க்க அசிங்கமாக இருப்பதோடு பிரச்சினை முடிந்தால் இவ்வளவு எழுத வேண்டியதில்லை. அடிப்பக்கத்தில் தொடு உணர்வு இல்லாதவருக்கு ஒரு ரிவெட் போதும். உடல் எடையின் பெரும்பகுதி இரண்டு உட்காரும் எலும்புகளிலும் வால் எலும்பைச் சுற்றியும் இறங்குகிறது. அந்த எலும்புக்கும் நாற்காலிக்கும் நடுவே ரிவெட்டோ, பாக்கெட் மடிப்போ, தடித்த இரட்டைத் தையலோ வந்தால், அந்தப் புள்ளியில் ரத்த ஓட்டம் தடைபடும். உணர்வு உள்ளவர் நெளிந்து நகர்ந்துகொள்வார். உணர்வு இல்லாதவர் மணிக்கணக்கில் அப்படியே இருப்பார். அழுத்தப்புண் இப்படித்தான் தொடங்குகிறது; ஆற மாதக்கணக்கில் ஆகலாம், சிலருக்கு அறுவை சிகிச்சை வரை போகும்.

ஆகவே இருக்கையில் படும் பகுதியில் பாக்கெட், பட்டன், ரிவெட், லேபிள், நடுமுதுகு பெல்ட் லூப் எதுவும் இருக்கக் கூடாது. “பாக்கெட் இல்லை, வெறும் டிசைன்தான்” என்று சொல்லி மேலே ஒட்டுத்துணியைத் தைத்துவிடுவார்கள். அதன் விளிம்பும் மேடுதான். கவட்டையில் நான்கு தையல்கள் சந்திக்கும் இடத்தை விரல்களுக்கிடையே பிடித்து அழுத்திப் பாருங்கள். கட்டியாகத் தட்டுப்பட்டால் வேண்டாம். நல்ல தையலில் அந்த இடம் பட்டையாக விரிந்திருக்கும், அல்லது சந்திப்பே முன்னால் தள்ளி வைக்கப்பட்டிருக்கும். இடுப்பின் இருபக்கமும் தொடை எலும்பு புடைத்திருக்கும் இடத்தில் ஜிப் ஓடக் கூடாது. நாற்காலியின் பக்கத் தகடு அங்கேதான் அழுத்தும்.

துணியிலும் கவனம் வேண்டும். காற்று மெத்தையோ ஜெல் மெத்தையோ, உடல் அதற்குள் அமிழ்ந்தால்தான் அழுத்தம் பரவும். விறைத்த, நீட்சியே இல்லாத துணி மெத்தையின் மேல் தொட்டில்போல இழுத்துக்கட்டி நின்றுவிடும். விலை கொடுத்து வாங்கிய மெத்தை வேலை செய்யாது. கொஞ்சம் எலாஸ்டேன் (இழுத்தால் நீளும் இழை) கலந்த, கனமில்லாத துணி நல்லது. அதற்காக வழுக்கும் துணியை எடுத்துவிடாதீர்கள். உடல் மெல்ல முன்னால் சரியும்போது தோல் ஒரு பக்கமும் எலும்பு ஒரு பக்கமுமாக இழுபட்டு, அதுவும் புண்ணில் முடியும். நாற்காலியிலிருந்து கட்டிலுக்குப் பலகை மேல் சறுக்கி மாறுபவருக்கு ஒட்டிப் பிடிக்கும் துணியும் ஆகாது. “தண்ணீர் புகாது” என்று உள்ளே பிளாஸ்டிக் பூசியதை நாள் முழுக்க உட்காருபவருக்கு வாங்கவே வேண்டாம். வியர்வையில் ஊறிய தோல் சீக்கிரம் உரியும்.

நெஞ்சுப் பகுதி ஆறாவது முள்ளெலும்பு மட்டத்திலோ அதற்கு மேலோ தண்டுவடக் காயம் உள்ளவர்களுக்கு இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. இறுக்கமான உடை, மடிந்து நசுங்கிய சிறுநீர்க் குழாய் போன்றவையே ஆட்டோனமிக் டிஸ்ரெஃப்ளெக்சியா என்ற ஆபத்தான நிலையைத் தூண்டிவிடக்கூடும். ரத்த அழுத்தம் திடீரென்று ஏறும். மண்டையைப் பிளக்கும் தலைவலி, காயத்துக்கு மேற்பட்ட பகுதியில் வியர்வை, முகம் சிவத்தல் வரும். உடனே நிமிர்ந்து உட்கார வைத்து, இடுப்பையும் காலையும் இறுக்குவதைத் தளர்த்தி, குழாய் மடங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குறையவில்லையென்றால் அவசர சிகிச்சை. “போடப் போட இளகிவிடும்” என்று சொல்லி இறுக்கமான பேன்ட்டை அனுப்புபவரிடம் இதைச் சொல்லிக் கேளுங்கள், தெரியுமா என்று.

இனி அளவு. விற்பவர் கேட்காவிட்டாலும் நீங்களே எடுத்துக் கொடுங்கள். அன்றாடம் போடும் உள்ளாடை, டயாபர், கால் பிரேஸ், சிறுநீர்ப் பை எல்லாம் அணிந்த நிலையில், தன் நாற்காலியில் தன் மெத்தையில் உட்கார்ந்தபடி எடுக்க வேண்டும். கால் வீங்கும் வழக்கம் உள்ளவருக்கு மாலையில் எடுங்கள். பட்டி உட்கார வேண்டிய இடத்தில் மெல்லிய எலாஸ்டிக் ஒன்றைக் கட்டிக்கொண்டால் எல்லா அளவுக்கும் அதுவே தொடக்கக் கோடு. இடுப்பைச் சாப்பிட்ட பிறகு, இரண்டு விரல் நுழையும் தளர்வோடு அளக்க வேண்டும். படுத்திருக்கும்போது எடுத்தால் சில செ.மீ. குறைந்துவிடும். தொடையின் மிகப் பருத்த இடம், முழங்கால், கெண்டைக்கால் மூன்றின் சுற்றளவும் வேண்டும். கால் நீளத்தை எலாஸ்டிக்கில் தொடங்கி, இடுப்பின் பக்கமாக இறங்கி, தொடையின் வெளிப்புறம் முழங்கால் வரை வந்து, அங்கே மடங்கி, கால்மிதியில் வைத்த செருப்பின் குதி வரை எடுங்கள். நின்ற நிலையில் சரியாக இருக்கும் பேன்ட் உட்கார்ந்தால் கணுக்காலுக்கு மேல் ஏறிவிடுவது இந்த மடக்கத்தால்தான்.

முக்கியமான அளவு கவட்டை நீளம். நாற்காலியில் உட்கார்ந்தபடி அதை எடுக்க முடியாது. ஒருக்களித்துப் படுக்க வைத்து, இடுப்பையும் முழங்காலையும் நாற்காலியில் இருப்பதுபோலவே மடக்கி, முன் எலாஸ்டிக்கிலிருந்து கால்களுக்கிடையே கொண்டுபோய்ப் பின் எலாஸ்டிக் வரை டேப்பை ஓட்டுங்கள். கவட்டை நடுப்புள்ளியைக் குறித்துக்கொண்டால் முன் உயரம், பின் உயரம் என்று இரண்டு எண்கள் கிடைக்கும். முதுகு வளைந்தோ இடுப்பு ஒரு பக்கம் சாய்ந்தோ இருந்தால் இடது, வலது இரண்டையும் தனித்தனியாக எடுக்க வேண்டும்.

திறப்பு வசதி என்ற பெயரிலும் நிறைய ஏமாற்று. சாதாரண பேன்ட்டில் ஜிப் கவட்டைத் தையலுக்குச் சில செ.மீ. மேலேயே நின்றுவிடும். உட்கார்ந்தபடியே குழாய் போட்டுச் சிறுநீர் வெளியேற்றுபவருக்கு அது போதாது. ஜிப் கவட்டைத் தையல் வரை இறங்க வேண்டும், உள்ளே தோல் சிக்காமலிருக்க அடித்துணி வேண்டும். கை விரல்களில் பலமில்லாதவருக்கு ஜிப் இழுப்பானில் விரல் நுழையும் வளையம் அவசியம். வெல்க்ரோ புதிதில் நன்றாகப் பிடிக்கும். துவைக்கும்போது மூடாமல் விட்டால் நூலும் தூசியும் அடைத்துப் பிடிப்பு போய்விடும். அதன் முரட்டுப் பக்கம் உடம்பைப் பார்த்து இருக்கக் கூடாது. காந்த பட்டன் கைக்கு எளிது, ஆனால் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் காந்தத்தைக் கருவியிலிருந்து குறைந்தது 15 செ.மீ. தள்ளியே வைத்திருக்க வேண்டும். தசை இறுக்கத்துக்காக வயிற்றில் மருந்து பம்ப் பொருத்தியவர்களுக்குக் காந்தம் சரியாக அந்த இடத்துக்கே வருகிறது. மருத்துவரைக் கேட்காமல் வாங்காதீர்கள். இந்த எச்சரிக்கை இல்லாமல் காந்த பட்டன் விற்பவரிடம் மற்ற விஷயங்களிலும் பொறுப்பை எதிர்பார்க்க முடியாது.

பாக்கெட் தொடையின் மேல்பக்கம் இருக்கட்டும். இடுப்புப் பக்கச் சாய்வுப் பாக்கெட்டில் வைத்ததெல்லாம் உட்கார்ந்ததும் வெளியே சரியும். காலின் அடிவிளிம்பு அகலமாக இருந்தால் முன் சக்கரத்தில் சிக்கும். காலில் சிறுநீர்ப் பை கட்டுபவருக்குக் கீழ்க்காலின் உட்புறம் ஒரு ஜிப் வேண்டும், பை நிறையும்போது துணி இறுக்காத அளவுக்கு இடமும் வேண்டும்.

பேன்ட்டை ஏற்றிவிட உள்ளே தைக்கும் வளையங்களையும் இழுத்துப் பாருங்கள். பட்டியின் மடிப்பில் ஒற்றைத் தையலில் தொற்றிக்கொண்டிருந்தால் சில நாளில் பிய்ந்துவிடும். பட்டிக்குள் செருகிக் குறுக்கே நெருக்கமாகத் தைத்திருக்க வேண்டும். எவ்வளவு உறுதியாக இருந்தாலும் அவை துணியை இழுக்கத்தான். ஆளைத் தூக்க அவற்றைப் பிடித்தால் விழுந்துவிடுவார்.

ஆர்டர் கொடுப்பதற்கு முன் விற்பவருக்கு இதை எழுத்தில் அனுப்புங்கள்: “இந்த சைஸில் தைத்து முடித்த முன் உயரம், பின் உயரம் எத்தனை செ.மீ.? பின்பக்கம் பாக்கெட், ரிவெட் உண்டா? ஜிப் கவட்டைத் தையல் வரை வருமா? ஒருவர் வீல்சேரில் உட்கார்ந்து அணிந்த படம், பக்கவாட்டிலும் பின்னாலும் எடுத்தது, அனுப்ப முடியுமா? இந்த விவரத்துக்கு மாறாக வந்தால் திரும்ப எடுப்பீர்களா?” முன்பக்கப் படம் எதையும் காட்டாது, குறை எல்லாம் பின்னால்தான். “எல்லாருக்கும் பொருந்தும், கவலை வேண்டாம்” என்ற பதில் வந்தால் வாங்காதீர்கள்.

வந்த பேன்ட்டை லேபிள் கிழிக்காமல், துவைக்காமல், சுத்தமான உள்ளாடையின் மேல் போட்டு அரை மணி நேரம் மட்டும் உட்கார வைத்துக் கழற்றிப் பாருங்கள். கண்ணாடி வைத்தோ வேறொருவரோ உட்காரும் எலும்புப் பகுதி, வால் எலும்பு, இடுப்பின் பக்கங்கள், கவட்டை, முழங்கால் மடிப்பு எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். சிவந்த இடத்தை விரலால் அழுத்தினால் வெளுத்துத் திரும்ப வேண்டும். வெளுக்காவிட்டாலோ, கழற்றி அரை மணி ஆன பிறகும் அடையாளம் மறையாவிட்டாலோ அந்தப் பேன்ட்டை மறுபடி போடக் கூடாது. கறுத்த தோலில் சிவப்பு எளிதில் தெரியாது. சுற்றியுள்ள தோலைவிட அந்த இடம் கருத்தோ சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும்.

பணம் திரும்பாது என்று ஆகிவிட்டால், நல்ல தையற்காரர் ஓரளவு காப்பாற்றித் தருவார். பருத்தித் துணியென்றால் முதலில் துவைத்துச் சுருங்க விடுங்கள். பின்பக்கப் பாக்கெட், ரிவெட், நடு லூப் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, பட்டியைப் பிரித்து, பின்பக்கம் ஆப்பு வடிவத் துண்டு ஒன்றைச் சேர்க்கச் சொல்லுங்கள். நடுமுதுகில் 6 செ.மீ. உயரத்தில் தொடங்கிப் பக்கத் தையலில் ஒன்றுமில்லாமல் முடியும்படி. முன்பக்கம் அதே முறையில் நடுவில் 3 செ.மீ. இறக்கலாம். சேர்த்த துண்டின் தையல் நாற்காலியின் முதுகுச் சாய்மானத்தில் படும் என்பதால், தையல் விளிம்பை வெளிப்பக்கம் திருப்பிப் பட்டையாகத் தைக்க வேண்டும், உள்பக்கம் அல்ல. ரிவெட் எடுத்த ஓட்டையை மூட மேலே ஒட்டுப்போட விடாதீர்கள், இழை கோத்து ரஃபு செய்யச் சொல்லுங்கள். கவட்டைச் சந்திப்பு கட்டியாக இருக்கும் பேன்ட்டை மட்டும் திருத்த முயல வேண்டாம். அதைச் சரிசெய்ய முழுவதும் பிரித்து மறுபடி வெட்ட வேண்டியிருக்கும்.