நாள்பட்ட சளியுள்ள என் சேவலுக்கு கம்ப்ரசர் நெபுலைசர்: பயன்படுத்திப் பார்த்தவரின் மதிப்புரை

மனிதர்களுக்காகச் செய்யப்பட்ட, மேசைமேல் வைத்து ஓட்டும் கம்ப்ரசர் நெபுலைசர் (அழுத்தக் காற்றால் திரவத்தை நுண்துளிப் புகையாக்கும் கருவி) ஒன்றை என் சேவல் செம்பனுக்காக வாங்கி நெடுநாளாகப் பயன்படுத்தி வருகிறேன். கோழி வளர்ப்போர் சி.ஆர்.டி. என்று சொல்லும் நாள்பட்ட சுவாச நோய் அவனுக்கு இருக்கிறது. இந்தக் கருவி அந்த நோயைத் தீர்க்கவில்லை, தீர்க்கவும் முடியாது. ஆனால் அவன் கழுத்தை நீட்டி, அலகைப் பிளந்து மூச்சு வாங்கித் தவிக்கும் நேரங்களை வெகுவாகக் குறைத்திருக்கிறது. அந்த ஒன்றுக்காகவே இதை மனமாரப் பரிந்துரைக்கிறேன். கையேட்டில் கோழியைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

இந்த நோய்க்குக் காரணம் மைக்கோபிளாஸ்மா கல்லிசெப்டிகம் என்ற நுண்ணுயிரி. அதற்குச் செல் சுவர் கிடையாது. செல் சுவரைத் தாக்கிக் கொல்லும் பென்சிலின் வகை மருந்துகள் அதை ஒன்றும் செய்யாமல் போவது அதனால்தான். டைலோசின், டாக்சிசைக்ளின், டியாமுலின் போன்றவை கேட்கும். அவையும் அறிகுறிகளை அடக்குமே தவிர, கிருமியை உடலிலிருந்து முழுமையாக விரட்டுவதில்லை. குளிர், இறகு உதிரும் பருவம், சண்டை, இடமாற்றம் என்று ஏதாவது ஒன்று உடலைத் தளர்த்தினால் கண்ணில் நுரை, மூக்கில் நீர், தொண்டையில் கரகரப்பு எல்லாம் திரும்பி வந்துவிடும். பெட்டைகளைவிடச் சேவல்களிடம் இதன் வேகம் பெரும்பாலும் அதிகம். ஆகவே ஒரு வாரம் ஓட்டிவிட்டு அலமாரியில் வைத்துவிடும் கருவி இங்கே போதாது. சேவல் உயிரோடு இருக்கும்வரை உழைக்க வேண்டிய கருவி இது. என் மதிப்பீடு முழுவதும் அந்தக் கணக்கில்தான்.

பறவைக்கு நெபுலைசர் ஏன் இவ்வளவு பொருந்துகிறது என்பதற்கு அதன் உடலமைப்பில் விடை இருக்கிறது. கோழிக்கு உதரவிதானம் இல்லை. நுரையீரல் நம்முடையதுபோல விரிந்து சுருங்காது. அதைச் சூழ்ந்த ஒன்பது காற்றுப்பைகளே துருத்திபோல் காற்றை இழுத்துத் தள்ளுகின்றன. அந்தப் பைகளின் மெல்லிய சுவரில் இரத்த ஓட்டம் மிகக் குறைவு என்பதால், வாய்வழியாகவோ ஊசியாகவோ கொடுக்கும் மருந்து அங்கே போதிய அளவில் போய்ச் சேர்வது கடினம். போதாக்குறைக்கு, பறவையின் சீழ் நீர்த்து வடிவதில்லை, கட்டியாக இறுகிவிடுகிறது. உள்ளே போகும் ஈரம் சளியை இளக்குவதே பெரிய உதவி.

ஆனால் ஈரம் எந்த அளவுத் துளியாகப் போகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பெரிய துளிகள் மூக்கிலும் தொண்டையிலுமே படிந்துவிடும். ஏறக்குறைய 3 மைக்ரானுக்குக் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கீழான துளிகளே உட்பகுதிவரை செல்ல வாய்ப்புள்ளவை. வாங்கும்போது நான் முதலில் தேடிப் படித்தது இந்த எண்ணைத்தான். அறையை ஈரப்படுத்தும் அல்ட்ராசோனிக் ஈரப்பதமூட்டியை இதற்கு மாற்றாக எண்ண வேண்டாம். அதன் வேலை வேறு. கடின நீரை ஊற்றினால் நீரிலுள்ள உப்புகளையும் தூளாக்கிக் காற்றில் பரப்பும். சளி பிடித்த பறவையின் பக்கத்தில் அதை வைக்கவே கூடாது.

நுண்துளைத் தகடு வழியே புகையை எழுப்பும், கையடக்கமான மெஷ் வகை நெபுலைசரையும் வைத்திருந்தேன். சத்தமே இல்லை, செம்பன் அதைக் கண்டு மிரளவும் இல்லை. ஆனால் உப்புநீர் காய்ந்து அதன் நுண்துளைகளை அடைத்துக்கொண்டே இருந்தது. கழுவக் கழுவப் புகை மெலிந்துகொண்டே போய், ஒரு நாள் நின்றுவிட்டது. தினமும் ஓட்ட வேண்டியவர்களுக்குக் கம்ப்ரசர் வகையே ஏற்றது என்று அன்று முடிவு செய்தேன். இதில் அடைத்துக்கொள்ளும் பகுதி மருந்துக் கிண்ணம் மட்டுமே. அதைக் கழற்றிக் கழுவலாம், தேய்ந்தால் மாற்றலாம்.

கூடவே வரும் முகமூடி சேவலுக்குப் பயன்படாது. அலகின்மேல் அதை அழுத்திப் பிடித்தால் பயம்தான் மிஞ்சும். இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும்: கோழி மூச்சுவிட அதன் மார்பெலும்பு முன்னும் பின்னும் அசைய வேண்டும். மூச்சுத் திணறும் பறவையை மார்போடு இறுக்கிப் பிடிப்பது இருக்கிற மூச்சையும் நிறுத்துவதாகும். நான் மூடியுள்ள பெரிய ஒளிபுகும் பிளாஸ்டிக் பெட்டி ஒன்றை எடுத்து, ஒரு பக்கத்தில் குழாய் நுழையுமளவு துளையும், எதிர்ப்பக்கத்தில் காற்று வெளியேறச் சில துளைகளும் இட்டேன். அடியில் ஒரு துண்டு விரித்தேன். செம்பனின் வால் இறகுகள் நீண்டு வளைந்தவை; அவை மடங்காமல் திரும்பி நிற்க இடம் வேண்டும் என்று நீளமான பெட்டியாகவே தேர்ந்தெடுத்தேன். பெட்டியை ஒருபோதும் காற்றுப்புகாமல் மூடக் கூடாது, வெயிலில் வைக்கவும் கூடாது.

கிண்ணத்தில் 0.9 சதவீத உப்புநீர் 3 முதல் 5 மில்லி ஊற்றினால் பத்துப் பதினைந்து நிமிடங்கள் புகை வருகிறது. கடைசியில் ஏறக்குறைய ஒரு மில்லி கிண்ணத்திலேயே தங்கிவிடும். விரலால் தட்டினால் அதிலும் கொஞ்சம் புகையாக வரும். சத்தம் இதன் பெரிய குறை. மோட்டார் உறுமத் தொடங்கியதும் செம்பன் சிறகடித்துப் பெட்டியின் சுவரில் மோதினான். கருவியை அடுத்த அறையில் வைத்துக் குழாயை நீட்டிக்கலாம் என்றால், குழாய் நீள நீளப் புகையின் வேகம் குறையும். தடித்த விரிப்பின்மேல் கருவியை வைத்து, அவன் கண்ணில் படாதபடி ஓர் அட்டையால் மறைத்தேன். அதன் காற்று நுழைவாய் மட்டும் மூடாமல் பார்த்துக்கொண்டேன். இப்போது அவன் சத்தத்துக்குப் பழகிவிட்டான். புகை பரவத் தொடங்கியதும் கால்களை மடக்கி உட்காருகிறான். கண் பாதி மூடுகிறது. மூச்சோடு சேர்ந்து மேலும் கீழும் ஆடும் வாலின் ஆட்டம் கொஞ்சம் கொஞ்சமாக அடங்குகிறது. இந்த நேரம் எனக்கு மிகவும் வேண்டியது. அவனை அவ்வளவு அருகிலிருந்து, அவ்வளவு பொறுமையாக, வேறெப்போதும் பார்க்க முடிவதில்லை. கண்ணோரத்தில் நுரை இருக்கிறதா, முகம் ஒரு பக்கம் வீங்கியிருக்கிறதா, கொண்டையின் நிறம் எப்படி என்பதெல்லாம் அப்போதுதான் தெளிவாகத் தெரிகின்றன.

முன்னேற்றத்தை அளக்க என்னிடம் உள்ள நம்பகமான அளவுகோல் அவனுடைய கூவல். கோழியின் குரல் பிறப்பது தொண்டையில் அல்ல, மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரியும் அடிப்பகுதியில். அங்கே சளி சேர்ந்தால் குரல் உடனே காட்டிக்கொடுத்துவிடும். செம்பனுக்கு நோய் முற்றும்போது முதல் மூன்று ஒலிகள் வந்துவிடும், கடைசி நீண்ட இழுப்பு மட்டும் பாதியில் உடைந்துபோகும். நெபுலைசரைத் தொடர்ந்து கொடுக்கும் காலங்களில் அந்த இழுப்பு பெரும்பாலும் முழுதாக வருகிறது. அதைக் கேட்கும் காலைகளில் எனக்கு வரும் மகிழ்ச்சியை மறைக்க விரும்பவில்லை.

கிண்ணத்தில் எதை ஊற்றலாம் என்பதில் மிகவும் கண்டிப்பாக இருங்கள். நான் வழக்கமாக ஊற்றுவது கிருமி நீக்கிய உப்புநீர் மட்டுமே. நோய் எதிர்ப்பு மருந்தைப் புகையாகக் கொடுக்க வேண்டியபோது, எந்த மருந்து, எவ்வளவு, எத்தனை நாள் என்று கால்நடை மருத்துவர் எழுதித் தந்தபடியே செய்தேன். குடிநீரில் கலக்கும் தூள் மருந்தைக் கரைத்து இதில் ஊற்றக் கூடாது. யூகலிப்டஸ் தைலம், கற்பூரம் முதலியவற்றைச் சேர்க்கச் சொல்லும் யோசனைகள் நிறைய உலவுகின்றன. பறவையின் நுரையீரல் அவற்றைத் தாங்காது, எண்ணெய்த் துளி உள்ளே போனால் அதுவே தனி நோயாகிவிடும்.

வாங்கும் முன்பே மருத்துவரிடம் காட்டிப் பரிசோதனை செய்துகொள்வது இன்னொரு காரணத்துக்காகவும் அவசியம். தொற்று மூக்கடைப்பு நோய், மூச்சுக்குழல் புழு, பூஞ்சைத் தொற்று எல்லாம் வெளிப்பார்வைக்கு ஏறக்குறைய இதே போலத்தான் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. ஓய்வாக நிற்கும்போதே அலகு திறந்திருந்தாலோ, கொண்டை நீலம் பாய்ந்தாலோ, தீனியைத் தொடாவிட்டாலோ நெபுலைசரை நம்பி வீட்டில் காத்திருக்க வேண்டாம். கூண்டுக் காற்று கெட்டிருந்தாலும் இந்தக் கருவியால் பயனில்லை. எச்சத்திலிருந்து எழும் அம்மோனியா மூச்சுக்குழாயின் உட்பூச்சை அரித்துவிடும். நான் தினமும் கூண்டில் குனிந்து, சேவலின் தலை இருக்கும் உயரத்தில் முகர்ந்து பார்க்கிறேன். நெடி அடித்தால் படுக்கையை அன்றே மாற்றிவிடுகிறேன்.

பராமரிப்பு எளிது, ஆனால் ஒரு நாளும் தவறக் கூடாது. ஒவ்வொரு முறையும் கிண்ணத்தைக் கழற்றி வெந்நீரில் அலசி, முழுமையாக உலரவிட வேண்டும். குழாய்க்குள் ஈரம் தெரிந்தால், கிண்ணம் இல்லாமல் கருவியைச் சற்று நேரம் ஓட்டினால் உலர்ந்துவிடும். ஈரக் குழாயில் பூஞ்சை பிடித்தால் அதை நேரே அவன் நுரையீரலுக்குள் ஊதுவதாகிவிடும். காற்று வடிகட்டி கோழிப்பண்ணைத் தூசியில் சீக்கிரமே கறுத்துவிடுகிறது. கையேடு சொல்லும் காலத்துக்கு முன்பே மாற்றிவிடுகிறேன். மோட்டார் அரை மணி நேரத்துக்குமேல் தொடர்ந்து ஓடினால் சூடேறுகிறது. ஒரே சேவலுக்கு அது பிரச்சினையில்லை. ஒன்றன்பின் ஒன்றாகப் பல பறவைகளுக்குக் கொடுப்பவர்கள் இடைவெளி விட வேண்டியிருக்கும்.

முடிந்ததும் அவன் இறகு லேசாக நனைந்திருக்கும். காய்வதற்குள் குளிர்காற்றில் விடக் கூடாது என்பதால், அவன் கூண்டில் அடைவதற்கு நெடுநேரம் முன்பே மாலை முறையை முடித்துவிடுவது நல்லது.

கிண்ணம், குழாய், வடிகட்டி ஆகிய மூன்றும் தனித்தனியாகக் கிடைக்கும் மாடலாகப் பார்த்து வாங்குங்கள். கிண்ணத்தில் ஒன்று கூடுதலாகக் கையில் இருக்கட்டும். என்னுடையதில் முதலில் விரிசல் விட்டது அதுதான். மாற்றுக் கிண்ணம் இருந்ததால் செம்பனுக்கு அன்றைய புகை தடைபடவில்லை.